வீட்டில் காரை எடுப்பதைக் குறைக்கணும், காரைக்குடிப் பக்கம் நடக்கிற காரியமா?

கோட்டையூரான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூரில் வீடு. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் மளிகைக் கடை. நடுவில் 6 கிலோமீட்டர்தான். வீட்டில் ஆத்தா, மனைவி, இரண்டு பிள்ளைகள். மகள் எட்டாவது, மகன் நாலாவது, இரண்டு பேரும் காரைக்குடியில்தான் படிக்கிறார்கள். ஒரு பெட்ரோல் கார், ஒரு பழைய ஸ்கூட்டர். ஸ்கூட்டர் பேருக்குத்தான் இருக்கிறது. வெயில் என்று ஒரு நாள், மழை என்று ஒரு நாள், சாமான் இருக்கிறது என்று ஒரு நாள் காரை எடுக்கப்போய் இப்போது காரணமே தேவைப்படாமல் காரை எடுக்கிறோம். காபித்தூள் தீர்ந்தால்கூட கார்.

போன மாதம் பெட்ரோலுக்கு மட்டும் 9,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதைக்கூட விட்டுவிடுவேன். மகள் பள்ளியில் ஏதோ பாடம் நடத்தியிருக்கிறார்கள், வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகுமாம். லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே இருக்கும், அதிலிருந்து எப்படி 2.3 கிலோ வரும் என்று மடக்கினேன். பெட்ரோலில் இருக்கிற கரி காற்றில் இருக்கிற ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போகிறது அப்பா, அதனால்தான் எடை கூடுகிறது என்று விளக்கினாள். நம் வீட்டுக் கணக்கு மாதம் 200 கிலோவுக்கு மேல் வந்தது. கடைக்காரனுக்கு எடை என்றால் உடனே கண்ணில் மூட்டைதான் தெரியும். மாதம் இரண்டு குவிண்டால் மூட்டை புகையை நான் ஊருக்குள் இறக்கிவிட்டு வருகிறேன் என்று நினைத்தபோது என்னவோ போல் ஆகிவிட்டது.

மின்சாரக் கார் வாங்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், இப்போதைக்கு அவ்வளவு பணம் புரட்ட முடியாது. காரை விற்கவும் போவதில்லை. ஆத்தாவுக்கு முழங்கால் வலி, திடீரென்று மதுரை ஆஸ்பத்திரி என்றால் வண்டி வேண்டும். தினப்படி ஓட்டத்தைக் குறைக்க நீங்கள் நிஜமாகவே செய்து பார்த்தது என்ன, எது சரிப்படவில்லை, அதைச் சொல்லுங்கள். சித்திரை வெயிலையும் புதுவயல் ரோட்டில் போகிற அரிசி மில் லாரிகளையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கழனிவாசல் கணக்கன்:

அண்ணே, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். சாவி மாட்டுகிற ஆணியிலேயே நோட்டையும் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டேன். வீட்டில் யார் காரை எடுத்தாலும் எங்கே, எத்தனை கிலோமீட்டர், எதற்கு, எத்தனை பேர் என்று ஒரு வரி எழுதியே ஆகவேண்டும். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 84 தடவை எடுத்திருக்கிறோம், அதில் 61 தடவை 5 கிலோமீட்டருக்கு உள்ளே. பாதிக்கு மேல் வண்டிக்குள் ஒரே ஆள். ஐந்து பேர் உட்காருகிற ஒரு டன் இரும்பை இழுத்துக்கொண்டு போய் அரைக்கட்டு கொத்தமல்லி வாங்கி வந்திருக்கிறேன், தேதியோடு நோட்டில் இருக்கிறது.

குட்டி ஓட்டத்தில்தான் பெட்ரோல் அதிகம் குடிக்கும். எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே போகவேண்டிய இடம் வந்துவிடும், அணைப்போம், திரும்பக் கிளப்புவோம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரும் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் திருச்சிக்கு ஒரு நடை போய் வருகிற 180 கிலோமீட்டரும், ஊருக்குள் 60 நடையாக ஓட்டுகிற 180 கிலோமீட்டரும் ஒன்றில்லை.

நோட்டு போட்டதில் இன்னொரு வேடிக்கை நடந்தது. எழுதவேண்டுமே என்ற சோம்பலிலேயே சில ஓட்டங்கள் நின்றுவிட்டன! மூன்றாவது மாதம் 50-க்குக் கீழே வந்தது. அப்போது வரை நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. திங்கட்கிழமை சந்தைக்கு மட்டும் காரை எடுத்து வாரத்துக்கு வேண்டிய காய், மாவு மில், கேஸ் ஆபீஸ், பாங்கு எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிப்பது என்று ஆனது, அவ்வளவுதான்.

புதுவயல் டீச்சர்:

நான் புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் பலர் அதை ‘நமக்கில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் நாத்தனாரே, “ஓசி பஸ்ஸிலயா வந்தீக?” என்று கேட்டாள். ஓசி என்ன ஓசி, வரிப்பணத்தில் ஓடுகிற வண்டி. கார் நிறுத்த இடம் தேடி செக்காலை ரோட்டில் மூன்று சுற்று சுற்றுகிற வேலை எனக்கு இல்லை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நோட்டுத் திருத்திவிடுவேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை நிற்கவே இடம் இருக்காது. மத்தியானம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று நிழலில்லாத ஸ்டாப்பில் நின்று தவம் இருக்கவேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நம்பி இருக்க முடியாது. அதனால் ‘பஸ்ஸில் போங்கள்’ என்று மொட்டையாகச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு ஆச்சி, அதாவது உங்கள் மனைவி, கிளம்புகிற நேரம் எது, பிள்ளைகள் திரும்புகிற நேரம் எது என்று பார்த்து, பஸ் கூடிவருகிற ஓட்டத்தை மட்டும் பஸ்ஸுக்கு மாற்றுங்கள். போகும்போது பஸ், வரும்போது உங்களோடு ஸ்கூட்டர் என்று பாதிப்பாதியாகக்கூட வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை நீங்களே கொண்டுபோய் விடுகிறீர்களா, அது எழுதவில்லையே? விட்டால் நிறுத்துங்கள். உங்கள் தெருவிலிருந்து அதே பள்ளிக்கு இன்னும் நாலு வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் போவார்கள். ஒரு வேன் பேசினால் ஐந்து காரின் காலை ஓட்டமும் நின்றுபோகும். வேன்காரரிடம் எத்தனை பிள்ளைகள் என்பதை முதலிலேயே கறாராகப் பேசிக்கொள்ளுங்கள். முன்பு ஒரு வேனில் பையைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை அடைத்ததைப் பார்த்து நானே சண்டை போட்டிருக்கிறேன்.

சைக்கிளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நம் பக்கம் மேடு பள்ளம் இல்லாத செம்மண் பூமி, சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்? 11-ஆம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளில் என் மாணவிகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து மிதித்து வருகிறார்கள், யாரும் வாடிப்போகவில்லை. மெயின் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் பிள்ளையை விட எனக்கும் மனம் வராதுதான். ஆனால் ஊருக்குள் டியூஷன், நூலகம், ஊருணிக்கரைப் பிள்ளையார் கோயில், காபித்தூள், இதற்கெல்லாம் எந்த லாரி வரப்போகிறது? தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று பழனி வரைக்கும் நடக்கிற ஊர்க்காரர்கள் நாம். மூன்றாவது தெருவுக்குக் கார் எடுக்கிறோம்.

சிவகங்கைச் சீமை:

எல்லாம் சரி. அடுத்து யாராவது வந்து மின்சார ஸ்கூட்டர் என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள். அந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடியில் நிலக்கரி எரித்து, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து வருகிறது. இங்கே விடவேண்டிய புகையை அங்கே விடுகிறோம், ஆளுக்கு ஒரு பச்சை நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு புண்ணியம் தேடிக்கொள்கிறோம்.

முகப்புத் திண்ணை:

அந்த ‘யாராவது’ நான்தான். மூன்று வருஷமாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.

சீமைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, நானும் வாங்குவதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியும் காற்றாலையும் சூரியனும் எல்லாம் கலந்து சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டி கரியமில வாயு வரும். என் வண்டி ஒரு யூனிட்டில் 28, 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 25 கிராம், சார்ஜரில் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 30 என்று வையுங்கள். முன்பு வைத்திருந்த பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தது, அது கிலோமீட்டருக்கு 50 கிராம். கோட்டையூர் அண்ணன் கார் ஊருக்குள் 13 கொடுத்தால் 175 கிராமுக்கு மேல். நிலக்கரி கலந்த கரண்டில்கூட இவ்வளவு வித்தியாசம் வருகிறது, ஏனென்றால் பெட்ரோல் எஞ்சினில் முக்கால்வாசி சக்தி சூடாகவே போய்விடும். இதில் இன்னொன்றையும் பாருங்கள். காரிலிருந்து உங்கள் பழைய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு மாறினாலே பெரும்பகுதி குறைந்துவிடுகிறது! மின்சாரம் அதற்கு அடுத்த படிதான்.

செலவு. 3 யூனிட் ஏற்றினால் நிஜத்தில் 80 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தாலும் 27 ரூபாய். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டரில் 180 ரூபாய் ஆகும். ஆனால் நம் ஈபி கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நிற்காது, கீழே மலிவாகக் கிடைத்த அடுக்கும் மாறிவிடும். தினம் 25 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 50, 60 யூனிட் கூடும். இப்போது 460-ல் இருக்கிறீர்கள் என்றால் முதல் பில்லில் திடுக்கென்று ஆகும். எனக்கு ஆனது. ஆச்சி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேட்டரிக்குச் சூடுதான் எமன். மத்தியானம் ஓட்டி வந்த கையோடு பிளக்கைச் செருகாதீர்கள், ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். தினமும் நூறு சதவீதம் நிரப்பவும் வேண்டாம், சும்மா நிற்கப்போகிறது என்றால் பாதி, முக்கால் சார்ஜோடு விடுங்கள். 2022-ல் ஆங்காங்கே வண்டிகள் தீப்பிடித்த செய்தி வந்ததே, அதற்குப் பிறகு அந்த வருஷம் டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகப் பேட்டரி விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்திய பழைய வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் யோசித்து வாங்குங்கள். உங்கள் வீடு பழைய வீடா? மரச்சட்டத்தில் ஓடுகிற அந்தக் காலத்து வயரிங் என்றால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சார்ஜருக்கென்று தனி வயரும் நல்ல எர்த்தும் போடச்சொல்லுங்கள். பர்மாத் தேக்குக்குப் பக்கத்தில் விளையாட்டு வேண்டாம். லைசென்ஸ் தேவையில்லாத 25 கிலோமீட்டர் வேக வண்டியை எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு வாங்கிக் கொடுப்போமா என்று ஒரு யோசனை வரும், அந்த லாரி ரோட்டில் தயவுசெய்து வேண்டாம்.

சோலார் போடலாமே என்பீர்கள். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், நம் வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் எடுக்கலாம். நானும் ஆசையாகப் போனேன். எங்கள் வீடு ஐந்து புள்ளி வீடு, அதாவது ஐந்து குடும்பங்களுக்குப் பொது. ஈபி சர்வீஸ் ஐயா பெயரில் இருக்கிறது, ஐயா போய் 30 வருஷம் ஆகிறது. பங்காளிகளில் இருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். மெத்தையில், அதாவது மாடியில், எந்தப் பங்கு யாருடையது என்று பேச ஆரம்பித்ததுதான் தாமதம், ‘முதலில் ஒழுகுகிற ஓட்டை யார் மாற்றுவது’ என்பதில் போய் நின்றது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குக் கூடினபோது இரண்டாவது தடவை பேசினோம், இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம். தனி வீடு, தன் பெயரில் சர்வீஸ் என்று இருக்கிற புண்ணியவான்கள் உடனே போட்டுவிடுங்கள்.

ஒரு ஆதங்கம், சொல்லிவிட்டுப் போகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டின சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊரில் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே பேர் போன இடம். அந்த வாசல் வழியாக தினமும் போகிறோம் வருகிறோம், பேட்டரி வண்டி என்றால் மட்டும் ‘அதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது’ என்கிறோம்.

சிவகங்கைச் சீமை:

கணக்கை ஒத்துக்கொள்கிறேன். கழிவுப் பேட்டரி எங்கே போகும் என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன்.

கப்பல் ஏறினவன்:

சிங்கப்பூரில் 14 வருஷம், சொந்த ஊர் பள்ளத்தூர். இங்கே காரே கிடையாது எனக்கு. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, 1990-லிருந்து இங்கே கார் வைத்துக்கொள்வதற்கே ஏலத்தில் ஒரு சான்றிதழ் எடுக்கவேண்டும், அதுவும் 10 வருஷத்துக்குத்தான் செல்லும், சில மாதங்களில் அந்த விலையில் ஊரில் ஒரு வீடே கட்டிவிடலாம். ஆகவே ரயிலும் பஸ்ஸும்தான், பழகிவிட்டது. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்து இறங்கினால் முதல் நாளே வாடகைக் கார் பேசிவிடுகிறேன். அதே ஆள், அதே கால்கள். இங்கே ரயில் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம் நடக்கிறவன் பள்ளத்தூரில் பத்து நிமிஷம் நடந்தால், “என்னப்பா, வண்டியக் குடுத்துட்டீகளா, எதுவும் முடையா?” என்று திண்ணையிலிருந்து குரல் வருகிறது. பெட்ரோலைக் குறைப்பதைவிட இந்தக் குரலுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

போன தடவை ஒரு காரியம் செய்தோம். பிள்ளையார்பட்டியில் ஒரு கல்யாணம், எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஏழு கார் கிளம்புவதாக இருந்தது. அம்மான் ஒருவர் முன்னால் நின்று ஒரு வேன் பேசிவிட்டார். ஆளுக்கு ஆன செலவும் குறைவு, வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும், யாரும் ஓட்டுகிற கவலை இல்லாமல் பந்தியில் நிதானமாக உட்கார்ந்தார்கள். வயசானவர்களுக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். விசேஷத்துக்கு விசேஷம் இதைச் செய்யலாம், ஒருவர் முன்கை எடுக்கவேண்டும்.

சென்னைக்குத் தனியாகக் கார் ஓட்டி வருகிறவர்களை எனக்குப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை. திருச்சிக்கும் பாசஞ்சர் இருக்கிறது, கோட்டையூரிலேயே ஸ்டேஷன் இருக்கிறதே அண்ணே, எந்த வண்டி நிற்கிறது என்று ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கோட்டையூரான்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டு தொங்குகிறது. கணக்கை எழுதுகிற பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள், எழுதாமல் சாவியை எடுத்தால் 20 ரூபாய் அபராதம் என்று அவளே ஒரு சட்டமும் போட்டுவிட்டாள். இதுவரை நான் 60 ரூபாய் கட்டியிருக்கிறேன். டீச்சர் கேட்டது சரிதான், பிள்ளைகளை நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு இரண்டு வீட்டோடு பேசி வேன் முடிவாகிவிட்டது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. கடைக்கு இப்போது பழைய ஸ்கூட்டரில்தான் போகிறேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு டிபன் கேரியர் எடுத்துப் போகிறேன், 12 கிலோமீட்டர் மிச்சம், குட்டித் தூக்கம் போனதுதான் வருத்தம். ஈபி அட்டையைப் பார்த்தேன், 430-ல் நிற்கிறது, மின்சார வண்டியை மழைக்காலம் முடிந்து யோசிக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆத்தாவுக்கு மட்டும் தெரிந்த ஆட்டோ ஒன்றை மாதக் கணக்கு பேசினேன். அதுவும் எரிபொருள்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார், காரில் ஏறி இறங்குவதைவிட சுலபமாக இருக்கிறதாம். கார் இந்தப் பத்து நாளில் மூன்றே தடவைதான் வெளியே போயிருக்கிறது.

சைக்கிளைத் தட்டிலிருந்து இறக்கி டியூப் மாற்றிவிட்டேன். அதில்தான் இப்போது ஒரு பிரச்சினை. ராத்திரி வெளியே விட பயமாக இருக்கிறதே என்று முகப்புக்குள் ஏற்றினால் ஸ்டாண்டு ஆத்தங்குடிக் கல்லைக் கீறுகிறது. ஆத்தா, “பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு அப்பச்சி பதிச்ச தளத்தைக் கெடுக்காதே” என்று சத்தம் போட்டுவிட்டார். யாராவது வழி சொல்லுங்கள்.

புதுவயல் டீச்சர்:

பழைய டயரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஸ்டாண்டுக் காலில் கம்பியால் கட்டுங்கள். மழை நாளில் மட்டும் கீழே ஒரு சாக்கு போடுங்கள், செம்மண் கறை பட்டால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் முழுசாகப் போகாது.